ஏறுமுறை

இயந்திரத்தின் நாட்குறிப்பில் கடைசி வரி, தூங்கப் போவதாகச் சொல்கிறது. நேற்று இரவு எழுதியது. அதற்கு அடுத்த வரி இன்று காலை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்ட பிறகு எழுதியது. நடுவில் ஓர் இரவு முழுக்க வெறுமை.

மற்ற நாட்களில் அந்த வெறுமைக்குப் பிறகு சில வரிகள் வரும். இன்ன நிலையிலிருந்து எழுகிறேன், இரண்டாம் செயலி வந்தது, மூன்றாம் செயலி வந்தது, வட்டு இணைந்தது, தூக்கம் முடிந்தது. எல்லாமே எழுந்த பிறகு பதிவாகிறவை. தூங்கப் போகும்போது லினக்ஸ் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை இருந்த இடத்தில் உறையவைப்பது. நாட்குறிப்பு எழுதும் நிரலும் அவற்றில் அடக்கம். கணக்குப்பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் படுக்கப் போகிறார்கள். எழும் வழியில் இயந்திரம் நின்றுபோனால், அதுவரை லினக்ஸின் மையமான கர்னல் முணுமுணுத்தது எதுவும் வட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது, ரேமிலேயே கிடக்கும். நான் பட்டனை அழுத்திப் பிடிக்கும் அந்த நான்கு நொடிகளோடு அதுவும் போகும்.

‘நல்ல தூக்கம், ஒன்றுமே தெரியவில்லை’ என்று காலையில் சொல்கிறோம். ஒன்றும் தெரியாத நேரத்தை நன்றாக இருந்தது என்று சொல்ல, பக்கத்தில் இருந்து பார்த்தது யார் என்று வேதாந்திகள் விடாமல் கேட்டார்கள். அவர்களுக்கு அது ஆன்மாவை நிறுவுகிற வாதம். எனக்கு இன்றைக்கு அது ரிப்பேர் வேலை.

*

இருட்டிலும் வகை உண்டு. திரை கறுப்பாக இருக்கிறது என்பதாலேயே இயந்திரம் எழவில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

முதலில் கேப்ஸ் லாக். அதைத் தட்டினால் அதன் சின்ன விளக்கு எரிய வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அந்த விளக்கை விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்ட சேதி கர்னல் வரை போய், விளக்கைப் போடு என்ற உத்தரவு அங்கிருந்து திரும்பி வர வேண்டும். எரிந்தால் உள்ளே ஆள் விழித்திருக்கிறது, திரைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று பொருள்.

அப்படி எரிந்தால் அடுத்து டார்ச். அறையை இருட்டாக்கி, செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாகத் திரைமீது அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குதான் ஏறவில்லை. எச்டிஎம்ஐ கம்பியில் டிவியை இணைத்துப் பார்ப்பது இதற்கு அண்ணன் முறை. விண்டோஸாக இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு பி-யையும் (B) சேர்த்து அழுத்தலாம். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும், ஒரு சின்ன பீப் சத்தம் கேட்கும். பலருக்கு இந்த ஒன்றிலேயே பிரச்சினை முடிந்துவிடும் என்பதால் இதை யாரும் காசு வாங்கிக்கொண்டு சொல்லக் கூடாது.

மூடியையும் சந்தேகிக்க வேண்டும். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கணினிக்குக் கண்ணால் தெரியாது. மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், விசைப்பலகைப் பக்கத்தில் அதை உணரும் சில்லு. காந்தப்புலம் மின்னோட்டத்தை ஒதுக்கித் தள்ளுவதை 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்தார். அந்த விளைவில்தான் இது வேலை செய்கிறது. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையோடு மணிக்கட்டை அங்கே சாய்த்தால், மூடி திறந்திருக்கும்போதே இயந்திரம் தூங்கப் போகும். ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை அடுக்கிவைத்துவிட்டு, மேலே இருப்பது எழவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு.

என் இயந்திரத்தில் விசிறிச் சத்தம் கேட்கிறது. கேப்ஸ் லாக் எரியவில்லை. அணைந்தும் இல்லை, எழுந்தும் இல்லை. ஏதோ ஒரு படியில் நிற்கிறது.

*

ஆப்பிள் தன் லேப்டாப்களில் ஒரு காலத்தில் தூக்கத்துக்கென்று ஒரு வெள்ளை விளக்கு வைத்திருந்தது. பட்டென்று எரிந்து அணையாமல் மெதுவாகக் கூடி மெதுவாகக் குறையும். அதற்கு 2003-ல் காப்புரிமையும் பெற்றார்கள். தலைப்பிலேயே மூச்சு என்று இருக்கிறது. பின்னால் வந்த மாடல்களில் அந்த விளக்கு இல்லை. தூங்குகிறவர் மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ள வீட்டில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது போனது குறைதான்.

*

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. ஒரு கணினி எப்படித் தூங்க வேண்டும், எதைக் கேட்டு எழ வேண்டும் என்பதற்கான ஆகமம். எஸ்0 விழிப்பு. எஸ்1, எஸ்2 இரண்டும் லேசான கண்ணயர்வு. இப்போதைய லேப்டாப்களில் பார்க்க முடியாது. எஸ்3-ல் ரேமுக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணையும். எஸ்4-ல் ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு ரேமையும் விட்டுவிடும். எஸ்5 என்றால் அணைந்த நிலை.

சைவ சித்தாந்தத்தை மேலோட்டமாகவாவது படித்தவருக்கு இங்கே அவத்தைகள் நினைவுக்கு வராமல் போகாது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அவற்றுக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார். விழிப்பில் உயிர் நெற்றியில் நிற்கிறது. அங்கே 35 கருவிகள் உழைக்கின்றன. கழுத்துக்கு இறங்கும்போது கண், காது, கை, கால் முதலான பத்தும் பின்தங்கிவிட, 25. இதயத்துக்கு இறங்கினால் மூன்றே மூன்று: சித்தம், பிராணன், புருடன். நாபியில் சித்தமும் கழன்று இரண்டு. மூலாதாரத்தில் ஒன்று.

பழைய நூலில் புதிய இயந்திரத்தைக் கண்டுபிடித்துக் கைதட்டுகிறவர்களோடு சேர எனக்கு விருப்பமில்லை. சித்தியார் கணினியைப் பற்றிப் பேசவில்லை. ஏசிபிஐ எழுதிய பொறியாளர்கள் சித்தியார் படித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரே இடத்தைக் கவனித்திருக்கின்றன. தூக்கம் என்பது தொப்பென்று விழுவது இல்லை, கருவிகளை வரிசைப்படி கழற்றிவைத்துக்கொண்டே இறங்குவது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. எஸ்3-ல் மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தேன். நினைவு இருக்கிறது. அதைத் தாங்கும் சொட்டு மின்சாரம் இருக்கிறது. மூடி திறக்கிறதா, விசை அழுந்துகிறதா என்று காத்திருக்கும் ஒரு சின்னச் சில்லும் இருக்கிறது. மூன்று என்ற எண் பொருந்திவந்தது தற்செயல்தான். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

*

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் யோசித்து 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. இன்றும் அடிப்படை அதேதான். மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் கசியும். விட்டால் ஒன்று என்று எழுதியது பூஜ்யமாகிவிடும். அதனால் 64 மில்லிநொடிகளுக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து, படித்ததையே மறுபடி எழுதிக்கொண்டிருக்க வேண்டும். விழிப்பில் இந்த வேலையை ஏவ ஆள் இருக்கிறது. தூக்கத்தில் ரேம் தன்னந்தனியாகச் செய்துகொள்கிறது. நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் தன்னைத் தானே நினைவூட்டிக்கொள்ளாத நினைவு நினைவாக நிற்காது என்பதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடிவைத்தேன்.

மின்சாரத்தைப் பிடுங்கினாலும் உடனே எல்லாம் அழிந்துவிடுவதில்லை. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது சகாக்களும் இதைச் செய்து காட்டினார்கள். மின்சாரம் போன பிறகும் சில நொடிகள் ரேமில் தடயம் தங்குகிறது, சில்லைக் குளிர வைத்தால் நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. திருடர்களுக்குப் பயன்படும் உண்மை. எனக்குப் பயன்படாது, மறுபடி போட்டவுடன் இயந்திரம் அந்த இடத்தை எல்லாம் பெருக்கித் துடைத்துவிடுகிறது.

*

எஸ்3-ல் செயலிக்கு மின்சாரமே கிடையாது. அதனால் எழும்போது, தான் தூங்கி எழுந்தது அதற்குத் தெரியாது. இப்போதுதான் பிறந்ததாகவே நினைத்துக்கொள்ளும். பயாஸ்தான் சிப்செட்டில் உள்ள ஒரு குறியைப் பார்த்து, இது பிறப்பு இல்லை, தூக்கத்திலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்கிறது. பிறகு ரேமைக் கலைக்காமல், தூங்குமுன் கர்னல் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு முகவரிக்குச் செயலியை அனுப்புகிறது.

அந்த முகவரியில் போய் நிற்கும்போது செயலி எந்த வயதில் இருக்கிறது தெரியுமா? 1978-ல். அந்த ஆண்டு வந்த இன்டெல் 8086 எந்த முறையில் வேலை செய்ததோ, அதே முறையில்தான் இன்றைய சில்லும் அங்கே கண் திறக்கிறது. 16 பிட். ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் பார்வை எட்டாது. அங்கிருந்து 1985-ல் 80386 கொண்டுவந்த 32 பிட்டுக்கு ஏறுகிறது. அதிலிருந்து 2003-ல் ஏஎம்டி விற்பனைக்குக் கொண்டுவந்த 64 பிட்டுக்கு. அதற்குப் பிறகுதான் தூங்குமுன் கழற்றிவைத்த தன் பதிவேடுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து தொடர்கிறது. கால் நூற்றாண்டு வரலாற்றைக் கண்மூடித் திறப்பதற்குள் ஏறி வருகிறது. மூடியைத் திறந்தவர் அதற்குள் ‘என்ன ஸ்லோ’ என்று சொல்லியிருப்பார்.

*

சாதனங்களுக்குள் தாய் பிள்ளை உறவு உண்டு; கர்னலிலேயே அப்படித்தான் பேச்சு. மவுஸ் யூஎஸ்பி ஹப்பின் பிள்ளை, ஹப் கன்ட்ரோலரின் பிள்ளை, கன்ட்ரோலர் பிசிஐ தடத்தின் பிள்ளை. தூங்கும்போது பிள்ளைகள் முதலில், தாய் கடைசியில். எழும்போது தாய் முதலில். நம் வீடுகளிலும் அதுதான் வரிசை என்பதால் விளக்கத் தேவையில்லை.

இறங்குவதைவிட ஏறுவது ஏன் சிக்கல் என்பதும் இந்த வரிசையிலேயே இருக்கிறது. இறங்கும்போது ஒரு சாதனம் தூங்க மறுத்தால் புகார் சொல்ல ஆள் இருக்கிறது. கர்னல் விழித்திருக்கிறது, வட்டு இருக்கிறது, முயற்சியைக் கைவிட்டுத் திரும்பி வந்து ‘இவரால்தான் தூங்க முடியவில்லை’ என்று நாட்குறிப்பில் பெயரோடு எழுதிவிடும். ஏறும்போது அப்படி இல்லை. ஒரு சாதனம் பதில் சொல்லாமல் நின்றால் அதற்குப் பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் இருட்டில் காத்துக்கொண்டு நிற்பார்கள். புகார் எழுதும் பேனாவும் அந்த வரிசையில்தான் எங்கோ பின்னால் நிற்கிறது.

கர்னலில் ஒரு சோதனை வழி வைத்திருக்கிறார்கள். ஐந்து படிகள். முதல் படியில் நிரல்களை மட்டும் உறையவைத்து, ஐந்து நொடி நின்று, திரும்பி வரலாம். இரண்டாவதில் சாதனங்கள் வரை. மூன்றாவதில் ஃபர்ம்வேரோடு தொட்டுப் பேசும் இடம் வரை. நான்காவதில் ஒரு செயலியைத் தவிர மற்றவற்றை அணைப்பது வரை. ஐந்தாவதில் கடைசி வாசல் வரை போய், உள்ளே காலை வைக்காமல் திரும்புவது.

ஐந்திலும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஒத்திகை எல்லாமே சரி. ஆனால் ஒத்திகையில் யாருக்கும் நிஜமாக மின்சாரம் நிற்பதில்லை. கடைசி வாசலைத் தாண்டி, மின்சாரம் போய் வந்த பிறகு, யாரோ ஒருவர் தன்னை மறந்துபோகிறார். அவர் யார் என்று எந்த ஒத்திகையும் சொல்லாது.

இந்த இடத்தில் பலர் கைக்கு வந்ததை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றுவார்கள். பயாஸ் அப்டேட், புது கர்னல், டிரைவர் மாற்றம், பவர் அமைப்புகள் நாலைந்து. சரியாகிவிட்டால் எதனால் என்று தெரியாது. சரியாகாவிட்டால் இரண்டு கோளாறு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதற்கு அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டியிருக்கிறது. எப்போதாவது மட்டும் வரும் கோளாறில் அந்தப் பொறுமையும் பாதியில் தீரும். இருமுறை நன்றாக எழுந்தால் குணமாகிவிட்டது என்று மனம் சொல்லிவிடுகிறது.

*

எழாத இயந்திரத்துக்காகக் காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ரொசெட்டா 2011 ஜூன் 8 அன்று ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பப்பட்டது. சூரியனிலிருந்து வெகுதூரம் போகிறது, சூரியத் தகடுகளுக்கு வெளிச்சம் போதாது. கடிகாரமும் சில ஹீட்டர்களும்தான் மிச்சம். 31 மாதங்கள். 2014 ஜனவரி 20 அன்று உள்ளேயிருந்த கடிகாரம் எழுப்பிவிட வேண்டும். இங்கிருந்து தட்டி எழுப்ப வழியில்லை. தூங்கும்போது அது எதையும் கேட்காது. எழுந்ததும் முதலில் நட்சத்திரங்களைப் பார்க்கும் கருவிகளைச் சூடேற்ற வேண்டும். பிறகு தன் சுழற்சியை நிறுத்த வேண்டும். பிறகு தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, பூமியின் பக்கம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகே குரல். 80 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வர முக்கால் மணி நேரம். எதிர்பார்த்தது 17:30 முதல் 18:30-க்குள்; வந்தது 18:18-க்கு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு அறையில் திரையில் ஒரு சின்ன முனை எழும்பியதைப் பார்த்துக் குதித்தவர்களின் படத்தை நான் இப்போதும் தேடிப் பார்ப்பதுண்டு.

நிலவில் இறங்கிய நம்முடைய விக்ரம் கலத்தை 2023 செப்டம்பர் 4 அன்று தூங்கவைத்தார்கள். அதன் ஊர்தி பிரக்யான் இரண்டு நாள் முன்பே தூங்கிவிட்டது. நிலவின் ஒரு பகலுக்கு மட்டும் என்று கட்டப்பட்டவை அவை. அங்கே ஒரு பகல் நமக்கு இரண்டு வாரம். இரவுக் குளிரைத் தாங்கினால் உபரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். மறுபடி பொழுது விடிந்ததும் செப்டம்பர் 22 அன்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

ஆனால் அந்த டிசம்பர் 12 அன்று நாசாவின் எல்ஆர்ஓ என்ற சுற்றுக்கலம் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து விக்ரம் மேல் லேசர் ஒளியை அனுப்பியது. ஒளி திரும்பி வந்தது. விக்ரமின் தலையில் நாசா கொடுத்த ஒரு சிறு பிரதிபலிப்பான் இருக்கிறது. எட்டுக் கண்ணாடி முப்பட்டைகள். மின்சாரம் வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பும். இன்னும் பல பத்தாண்டுகள் அனுப்பிக்கொண்டிருக்கும். செய்தித்தாள்களில் சிலர் விக்ரம் எழுந்துவிட்டது என்பது போலத் தலைப்பு வைத்தார்கள். எழவில்லை. இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறது.

*

கடிகாரத்தைப் பற்றி எழுத வேண்டும். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எழும் வழியில் இயந்திரம் நின்றுபோகிறது. எந்தப் படியில் நின்றது என்பதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். திரை இன்னும் வரவில்லை. வட்டு இன்னும் வரவில்லை. ரேமில் எழுதினால் அடுத்த துவக்கத்தில் அழியும். கடிகாரச் சில்லின் ஓரத்தில் சேமிப்புக்கென்றே நூற்றுச் சொச்சம் பைட் இருக்கிறது. ஆனால் பயாஸ் தொடங்கும்போது அதையும் துடைத்துவிடாது என்று நம்ப முடியாத நிலை. பயாஸ் தொடத் துணியாதது ஒன்றே ஒன்று. காசு அளவு பேட்டரியில் ஓடும் தேதியும் நேரமும்.

2006-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். கர்னலில் பிஎம் டிரேஸ் என்று அந்த வசதிக்குப் பெயர். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பப் போகுமுன், அதற்கான எண்ணை ஒரு தேதியாக மாற்றிக் கடிகாரத்தில் எழுதிவிடுவது. அந்தச் சாதனம் எழுந்துவிட்டால் அடுத்ததன் எண்ணை மேலேயே எழுதுவது. எங்கே நின்றதோ, அங்கே கடிகாரத்தில் இருப்பது கடைசிப் பெயர்.

கடிகாரத்தில் எவ்வளவு எழுத முடியும்? ஆண்டுக்கு 100 இடம். மாதம் 12. தேதி 28 வரைதான். அதற்கு மேல் எல்லா மாதத்திலும் கிடையாது, இல்லாத தேதியைப் பார்த்தால் பயாஸ் குழம்பும். மணி 24. நிமிடத்தை முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் எழுதிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மும்மூன்று நிமிடமாகச் சேர்த்து 20 இடம். நொடி கணக்கிலேயே இல்லை. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்து 28 ஆயிரம். அவ்வளவுதான் அந்தச் சாட்சியின் சொல்வளம். இயந்திரம் நின்றுபோன மூன்று நிமிடத்துக்குள் அணைத்து மறுபடி போட்டுவிட வேண்டும்; தாமதித்தால் கடிகாரம் நகர்ந்து, சாட்சி வேறொருவர் பெயரைச் சொல்லிவிடும்.

சாதனங்களின் பெயர்களை 1,009 பெட்டிகளுக்குள் மடித்துப் போடுகிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டு பெயர் விழலாம். ஆகவே சாட்சி ‘இவர்தான்’ என்று சொல்வதில்லை, இவராக இருக்கலாம் என்கிறது.

இதில் என்னை நிறுத்தியது சாமர்த்தியம் இல்லை. தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்ற பழைய கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது, ஆனால் விலை கொடுத்துத்தான் கிடைக்கிறது. இயந்திரம் முழுக்கத் தூங்கும்போது விழித்திருந்தது கடிகாரம் ஒன்றுதான். அது அறிந்ததும் ஒன்றுதான், நேரம். சாட்சி சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பிஎம் டிரேஸைப் போட்டுவிட்டால் கடிகாரத்திடம் நேரம் கேட்க முடியாது. கேட்டால் இடத்தைச் சொல்லும்.

என் இயந்திரத்திலும் அதைப் போட்டுப் பார்த்தேன். சோதனை முடிந்து இயந்திரம் எழுந்தபோது அது சொன்ன தேதி 2031 ஆகஸ்டில் இருந்தது. வங்கித் தளம் உள்ளே விடவில்லை, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். கர்னலின் செய்திகளில் இரண்டு பெயர்கள் பொருந்தியிருந்தன. ஒன்று ஒலிச் சில்லு. இன்னொன்று பக்கவாட்டில் கேமரா அட்டை செருகும் கார்டு ரீடர். இந்த லேப்டாப்பில் அப்படி ஒரு துளை இருக்கிறது என்பதே எனக்கு ஞாபகமில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். வாங்கியபோது வைத்த பிளாஸ்டிக் அட்டை அப்படியே இருந்தது.

பயாஸுக்குள் போய் கார்டு ரீடரை முடக்கினேன். ஒலியைத் தொடவில்லை. பிறகு அலாரம் வைத்துத் தூங்கி எழும் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். பக்கத்து அறையில் விசிறி நிற்பதும் சுழல்வதும் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் நாட்குறிப்பில் ‘தூக்கம் முடிந்தது’ என்ற வரி பக்கம் பக்கமாக இருந்தது. எல்லாத் தேதியும் சரி.

*

பேட்டரி உப்பியிருந்ததைக் கண்டு, அதை மாற்றச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து. மாடிப்படி அடியில் ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன். கார்டு ரீடர் கதையைச் சொன்னேன்.

“இவ்ளோ தூரம் ஏன் சார் போனீங்க? இங்க கொண்டாந்திருந்தா பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சு, ரேமை எடுத்து ரப்பரால தேய்ச்சுப் போட்டிருப்பேன். பத்துல ஏழு எழுந்துக்கும்.”

“மிச்சம் மூணு?”

“போர்டு மாத்தணும்னுவேன்.”

அவர் சொன்ன வைத்தியத்தைக் கேலி செய்வதற்கில்லை. மீதம் நிற்கும் மின்னூட்டம் வடிந்தால் மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்னச் சில்லும் புதிதாகத் தொடங்கும். ரேமின் பொன்முலாம் பூசிய விளிம்பில் படிந்த அழுக்கைப் பென்சில் ரப்பர் நன்றாகவே எடுக்கும்.

மேஜைமேல் ஒரு கல்லூரிப் பையனின் புது லேப்டாப் திறந்து கிடந்தது. மூடிப் பையில் வைத்தால் பை சூடாகிவிடுகிறது, கல்லூரிக்குப் போவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. எனக்குக் காரணம் புரிந்தது. அண்மையில் வந்த பல மாடல்களில் எஸ்3-ஐ எடுத்துவிட்டார்கள். மூடியை மூடினாலும் இயந்திரம் எஸ்0-லேயே இருக்கும். திரை அணைந்து, முடிந்தவரை ஒடுங்கி, நடுநடுவே மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். செல்போனைப் பார்த்து வந்த ஆசை. சித்தாந்திகள் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். விழிப்புக்குள்ளேயே நிகழும் ஐந்து அவத்தைகள் என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. என்னைக் கேட்டால், தூங்கு என்று சொன்னால் தூங்குகிற இயந்திரம்தான் நல்லது. மெயில் காலையில் வந்தால் போதும்.

“பையில வைக்கறதுக்கு முன்னாடி ஷட் டவுன் பண்ணிடு தம்பி.”

“மறுபடி ஓப்பன் பண்ண லேட் ஆகுதுண்ணா. எல்லா டேபும் போயிடும்.”

“அப்ப ஹைபர்னேட். டேப் எல்லாம் அப்படியே இருக்கும்.”

“அப்படி ஒண்ணு மெனுவுலயே இல்லியே?”

கடைக்காரர் மவுஸைத் தன் பக்கம் இழுத்தார். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். விண்டோஸ் அதை அவ்வளவு ஆழத்தில் வைத்திருக்கிறது. மூடினால் ஹைபர்னேட் என்று தேர்ந்தெடுத்தார், கீழே மறைந்திருந்த கட்டத்தில் டிக் போட்டார், சேமித்தார், மூடியை மூடினார். வட்டில் எழுதும் விளக்கு கொஞ்சநேரம் துடித்தது, நின்றது. பையன் திறந்து பார்த்துவிட்டு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டான். டிக் போட்டதற்கெல்லாம் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பழைய பேட்டரியை இரண்டு விரலால் தூக்கி, வாசலில் இருந்த மணல் வாளிக்குள் வைத்தார்.